பெண்பிள்ளைகளின் சிரிப்பும் வாசக அபிப்ராயமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1

தமிழில் இலக்கிய வரலாறு என்று எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் எழுதினவர்களின் வரலாறு. படித்தவர்களின் வரலாறு அல்ல. படித்தவர்களில் பெண்கள், பெண்களிலும் பதினாலு பதினைந்து வயசுப் பெண்பிள்ளைகள் என்று வரும்போது வெறும் வெற்றிடம்தான் மிஞ்சுகிறது. அந்தப் பெண்பிள்ளை எதைப் படித்தாள், எந்த இடத்தில் சிரித்தாள், எதைச் 'சே, போர்' என்று தூக்கிப்போட்டாள் என்பதற்குச் சான்றுகள் அரிது. அவள் எதைப் படிக்கக் கூடாது என்பதற்கோ சான்றுகள் ஏராளம். அவளுக்காகப் பயந்தவர்கள் எல்லாரும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளுடைய அபிப்ராயத்தை யாரும் கேட்டுவைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த அபிப்ராயத்தைப் பற்றியது.

இதை யோசிக்க ஒரு ஆங்கிலப் பிரதி காரணமாயிற்று. லூயிஸ் ரென்னிசன் (1951–2016) என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1999 முதல் 2009 வரை பத்துப் புத்தகங்களாக எழுதிய ஜார்ஜியா நிக்கல்சன் டைரி வரிசை. ஜார்ஜியாவுக்குப் பதினாலு வயசு. மூக்கு பெரிசாயிருக்கிறதே என்ற கவலை, காட்டுப்பூனை மாதிரி ஒரு பூனை, ஒரு பையன் மேல் மையல். மாறுவேட விருந்துக்கு ஆலிவ் காய் வேஷம் போட்டுப் போகிறாள். புருவத்தைத் திருத்தப் போய் மொத்தமாக மழித்துவிடுகிறாள். முத்தம் கொடுப்பது எப்படி என்று ஒரு பையனிடம் பாடம் கேட்கப் போகிறாள். அவ்வளவுதான் கதை. பெரிய சோகமோ, கடைசியில் ஒரு நீதியோ கிடையாது.

அபிப்ராயங்கள் இரண்டாகப் பிரிந்தன. இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருதுக் குழு 2001-இல் முதல் புத்தகத்தைக் கௌரவித்தது. அந்த விருதை வழங்குகிற அமெரிக்க நூலக சங்கமே வெளியிட்ட இன்னொரு பட்டியல், 2000–2009 பத்தாண்டில் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட நூறு புத்தகங்கள் பற்றியது. அதிலும் இந்தப் பெயர் இருக்கிறது. ஆட்சேபித்தவர்கள் பெரியவர்கள், வாய்விட்டுச் சிரித்தவர்கள் பிள்ளைகள். பிறகு வளர்ந்து திரும்பப் படித்தவர்கள், ஜார்ஜியா தன் தோழிகளிடம் எவ்வளவு சுயநலமாக நடந்துகொள்கிறாள், உடற்பயிற்சி ஆசிரியையை ஓரினப் பாலியல் சாடையில் எப்படிக் கேலி செய்கிறாள் என்றெல்லாம் கேட்டார்கள். ஆக, சிரிப்பு ஒன்றும் சுத்த அப்பாவியான சமாசாரம் அல்ல.

2

அடி அண்ணாமலையில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பெண்பிள்ளைகள் சிலரோடு சனிக்கிழமை சாயங்காலங்களில் கதை படித்து வருகிறேன். முதல் டைரியை நானே வாய்மொழியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஆலிவ் என்றதும், "அப்படீன்னா என்னாக்கா?" என்றார்கள். "நெல்லிக்கா சைஸ்ல ஒரு காய்." "நெல்லிக்கா வேஷம் போட்டுக்கினு போச்சா!" - அதோடு ஐந்து நிமிஷம் படிப்பு நின்றுபோனது.

அவர்கள் சொன்ன சிலவற்றை அப்படியே தருகிறேன்:

"இந்தப் பொண்ணுக்கு வேற வேலையே இல்லியாக்கா? மாட்டுக்குத் தண்ணி காட்டி, தண்ணி புடிச்சி வச்சிட்டு வந்தா மூக்கு ஞாபகமே வராது."

"புருவம் மேட்டரு நெஜம். எங்கண்ணன் பிளேடை எடுத்து நானும் பண்ணிக்கினேன். ஒரு வாரம் தலைய குனிஞ்சிக்கினே ஸ்கூலுக்குப் போனேன்."

"அந்த டீச்சரை ஏன் அப்படிக் கிண்டல் பண்ணுது? பாவம், அவங்க என்னா பண்ணாங்க?"

"இத அவங்கம்மா எடுத்துப் படிச்சிட்டா என்னாக்கா ஆவும்?"

முதல் அபிப்ராயம் வர்க்கம் பற்றிய விமர்சனம். ஓய்வு யாருக்கு வாய்க்கிறதோ அவருக்குத்தான் தன் மூக்கைப் பற்றிய தன்னுணர்வு வாய்க்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்? மூன்றாவது, வளர்ந்த வாசகர்கள் பிற்பாடு வந்துசேர்ந்த இடத்துக்கு ஒரே சாயங்காலத்தில் வந்துவிட்டது. நாலாவதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையின் கனமே அதில்தான் இருக்கிறது.

இந்த ஊரில் உட்கார்ந்து இதைப் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த அண்ணாமலைச் சாரலில் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் இருக்கிறது. இருபது பாட்டு. விடியலில் பெண்பிள்ளைகள் வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புகிறார்கள். 'இன்னுமா தூங்கற, நேத்து என்னா பேச்சுப் பேசின' என்கிற தினுசில் ஒருத்தியை ஒருத்தி சீண்டுகிறார்கள். பக்தியை ஒரு நிமிஷம் தள்ளிவைத்துக் கேட்டால், குமரிப் பெண்களின் கேலியும் குசும்பும் தமிழில் இவ்வளவு துல்லியமாகப் பதிவானது குறைவு என்று தெரியும். ஆனால் குரல்தான் அவர்களுடையது. கை ஆணுடையது. சங்க அகப்பாடல்களின் தலைவி, தோழி பேச்சிலிருந்தே இது வருகிறது. அங்கே பெண்பாற் புலவர்கள் உண்டு என்றாலும், பெண்குரலில் பாடிய பெரும்பான்மையோர் ஆண்கள்.

விதிவிலக்கு ஆண்டாள். நாச்சியார் திருமொழியில் நாங்கள் கட்டின மணல்வீட்டைக் கலைக்காதே என்று கண்ணனிடம் சண்டை பிடிப்பதும், எடுத்துப்போன துணியைக் கொடு என்று கெஞ்சுவதும் ஒரு பெண்பிள்ளையின் காதலும் விளையாட்டும்தான். அந்த வாயை அனுமதிக்க எதிரே தெய்வம் நிற்க வேண்டியிருந்தது. அப்படியும் மார்கழி வந்தால் வீடுகளில் ஒலிப்பது திருப்பாவை. நாச்சியார் திருமொழியிலிருந்து கல்யாண வீட்டுக்கு வருவது கனாக் கண்ட பத்துப் பாட்டு. மற்றவை பெண்பிள்ளைகளின் காதுக்கு அதிகம் வருவதில்லை.

3

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவல் வாசிப்பு பரவியபோது பெண் வாசகி முதல் தடவையாக ஒரு 'பிரச்சனை' ஆகிறாள். இந்த மாவட்டத்து ஆரணியில் பிறந்த ஆரணி குப்புசாமி முதலியார், ரெனால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தழுவியும் துப்பறியும் கதைகள் எழுதியும் குவித்தார். ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு பட்டாளமே இருந்தது. இவற்றைப் படித்துப் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற கூச்சல் எழுந்தது. இந்த வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' (2002) நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். இதில் கவனிக்கத் தக்கது, கூச்சலில் சனாதனியும் சீர்திருத்தக்காரரும் ஒரே வரிசையில் நின்றதுதான். ஒருத்தருக்குக் கற்புக் கவலை. இன்னொருத்தருக்கு நேரம் வீணாகிற கவலை. 'ஏம்மா, உனக்கு அந்தக் கதை பிடிச்சுதா?' என்று கேட்கிற கவலை இரண்டு பேருக்கும் இல்லை.

இதே காலத்தில் வை.மு. கோதைநாயகி (1901–1960) நுழைகிறார். ஐந்தரை வயசில் கல்யாணம். கதை சொல்லத் தெரியும், எழுதப் பழக்கமில்லை. முதல் நாடகமான 'இந்திரமோகனா'வை அவர் சொல்லச்சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1925-இல் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தத் தொடங்கி, 115 நாவல்கள் எழுதினார். ஒருத்தி சொல்ல இன்னொருத்தி எழுதுகிற இந்தக் காட்சியை நம் விமர்சனம் போதுமான அளவு யோசித்ததில்லை. சிநேகிதிகளுக்கு நடுவில் நடந்த பேச்சு, அச்சுக்குள் நேராக நடந்து போயிருக்கிறது. ஆனால் அச்சில் ஏறின பிறகு சிரிப்பின் இடத்தில் படிப்பினை உட்கார்ந்துகொள்கிறது. பெண் எழுதலாம், நல்லது சொல்வதற்காக எழுதலாம் என்பதுதான் அவளுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு.

"பொம்பளை சிரிச்சாப் போச்சு, பொகையிலை விரிச்சாப் போச்சு" என்ற பழமொழியின் அதிகாரம் சாதாரணமானதல்ல. ஆரணி, செய்யாறு பக்கமெல்லாம் பாரதக் கூத்து நடக்கிற நாடு இது. பாஞ்சாலி சிரித்ததால்தான் அவ்வளவு பெரிய சண்டை வந்தது என்று சொல்கிற பெரிசுகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சூதாடினவனும் சேலையை உருவினவனும் பின்னால் போய்விடுகிறார்கள். சிரித்தவள் முன்னால் நிற்கிறாள். நம் வாரப் பத்திரிகை நகைச்சுவையின் இலக்கணமும் இதுதான். துணுக்குகளில் மனைவி, மாமியார், காலேஜ் பெண் எல்லாரும் சிரிக்கப்படுகிறவர்கள். சிரிக்கிறவர்கள் அல்ல.

4

வாசகர் அபிப்ராயம் தமிழில் ஒரு சம்பவமாகவே ஆன வருஷம் 1966. ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் நின்ற கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருத்தனின் காரில் ஏறுகிறாள், கெடுக்கப்படுகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்களிடையே பெரும் சர்ச்சை மூண்டது. சர்ச்சை எதைப் பற்றி? தாய் செய்தது சரியா, தப்பா என்று. அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பது அதில் கேள்வியாகவே இல்லை.

இதை ஜெயகாந்தன் உணர்ந்திருந்தார் என்றுதான் தோன்றுகிறது. பிறகு அவர் எழுதி, 1972-இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் கங்கா ஒரு பத்திரிகையில் அந்தக் கதையைப் படிக்கிறாள். இது என் கதை, ஆனால் என் வீட்டில் அப்படி நடக்கவில்லையே என்பது அவள் நிலை. அதாவது, கதையின் நாயகியே அந்தக் கதைக்கு வாசகியாகி அபிப்ராயம் கொள்கிறாள். தமிழில் ஒரு பெண் வாசகியின் எதிர்வினை இவ்வளவு தீவிரமாக நாவலின் மையத்துக்கு வந்தது அபூர்வம். அதையும் ஒரு ஆண்தான் எழுத வேண்டியிருந்தது. அங்கேயும் சிரிப்புக்கு இடமில்லை. காதல், உடம்பு என்று வந்துவிட்டால் பெண்பிள்ளைக்குத் தமிழ்க்கதை கொடுத்திருப்பது கண்ணீரும் எச்சரிக்கையும்தான்.

5

வணிகப் பத்திரிகையைச் சிறுபத்திரிகை மரபு நிராகரித்தது சரியான காரணங்களுக்காக. 1959-இல் 'எழுத்து' தொடங்கினதிலிருந்து தரம் பற்றின அந்தச் சண்டை நமக்கு ஒரு மொழியைக் கொடுத்தது. ஆனால் பிரதியை நிராகரிப்பது வேறு, அதைப் படித்தவளை நிராகரிப்பது வேறு. ரமணிசந்திரனைப் படிக்கிறவள் ஏமாந்தவள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984-இல் வேறொன்று செய்தார். காதல் நாவல்கள் படிக்கிற பெண்களிடமே நேராகப் போய், ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டார். கதைக்காக மட்டுமல்ல, புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த நேரம் எங்களுடையது, யாரும் கூப்பிட முடியாது என்பது அவர்கள் பதிலின் சாரம். கதை ஆணாதிக்கத்துக்குப் பணிந்து போகிறது. ஆனால் படிக்கிற செயல் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

நம்மிடம் இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. வாடகை நூலகப் புத்தகங்களைப் புரட்டினவர்களுக்குத் தெரியும்: கடைசிப் பக்கத்தில் பேனாவில் 'சூப்பர்', 'முடிவு சரியில்லை', 'ஹீரோ திமிர் பிடித்தவன்' என்றெல்லாம் கையெழுத்துகள் இருக்கும். ஒருத்தி எழுதினதுக்குக் கீழே இன்னொருத்தி பதில் எழுதியிருப்பாள். வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து, சேர்த்து, நூலால் தைத்து பைண்டு செய்துவைத்த வீடுகள் எத்தனை! அந்த பைண்டு வால்யூம்களின் ஓரங்களிலும் பென்சில் குறிப்புகள் உண்டு. பேர் போடாத, பொறுப்பேற்கத் தேவையில்லாத, அதனாலேயே உண்மையான விமர்சனம். இதுவும் இலக்கிய விமர்சனம்தான். பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பாமாவின் 'கருக்கு' (1992) வந்தபோதுதான் ஒரு பெண்பிள்ளையின் குசும்பும் கேலியும் அவள் பேச்சுமொழியிலேயே, அவள் கையாலேயே அச்சுக்கு வந்தது. சாதியின் கொடுமையைச் சொல்கிற புத்தகத்தில் சிரிப்பும் இருக்கிறது என்பதைத் தோழர்கள் அநேகமாகக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டார்கள். சிரிப்பு அங்கே அலங்காரம் அல்ல. அடிபட்டவர்கள் அடித்தவனை அளந்து பார்க்கிற கோல்.

6

இப்போது அந்த நாலாவது அபிப்ராயத்துக்கு வருகிறேன்: இத அவங்கம்மா எடுத்துப் படிச்சிட்டா?

டைரி என்ற வடிவம் பூட்டுகிற மேசை இழுப்பறையை, சாத்திக்கொள்கிற அறையை முன்னிபந்தனையாகக் கேட்கிறது. தமிழின் பிரசித்தமான பழைய டைரி ஆனந்தரங்கப் பிள்ளையுடையது (1736–1761). அவர் துபாஷி, வியாபாரி. எழுதிவைக்க இடமும் அதிகாரமும் இருந்தது. பெண்பிள்ளைக்கு என்ன இருந்தது? துவரங்குறிச்சியில் சல்மாவின் கதை நாம் அறிந்ததுதான். தோழிகளோடு ஒரு சினிமாவுக்குப் போய்வந்ததோடு, பதிமூன்று வயசு வாக்கில், படிப்பு நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு ராத்திரியில் கழிவறையில் ஒளிந்துகொண்டு எழுதினார். தாள்கள் தாயின் கை வழியாக வெளியே போயின. புனைபெயர் அழகுக்காக வைத்ததல்ல, பாதுகாப்புக்கு வைத்தது. ஜார்ஜியாவும் திருட்டுத்தனமாக ஊர் சுற்றுகிறாள். அவளுக்கு அது பத்துப் புத்தகம் சிரிக்கிற விஷயம்.

வட மாவட்டங்களில் இன்னொன்றும் சேர்கிறது. இங்கே நோட்டில் எழுதின ஒரு பேர் வெறும் பேர் அல்ல, அது ஒரு சாதி. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் அருகிலிருந்த இரண்டு தலித் குடியிருப்புகளிலும் வீடுகள் எரிந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒரு காதல் கல்யாணம். 2013 ஜூலையில் இளவரசன் ரயில் பாதை ஓரத்தில் பிணமாகக் கிடந்தார். இந்த நிலத்தில் ஒரு பெண்பிள்ளையின் டைரி இலக்கிய வடிவமாவதற்கு முன்னாலேயே குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. தமிழில் வேடிக்கையான குமரிக் காதல் டைரி ஏன் வரவில்லை என்று கேட்டால், திறமைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். எழுதினதை வேறொருத்தர் படித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சமூகம் வைத்திருக்கிற பதில்தான் காரணம்.

கதை கேட்டவர்களில் ஒரு பெண் சொன்னாள்: "நான் எழுதுனா எங்கண்ணன் படிச்சிடும்க்கா. அதனால மனசுலயே எழுதிக்குவேன். எனக்கே சிரிப்பு வரும்." தமிழில் எழுதப்படாமல் கிடக்கிற ஒரு முழு இலக்கிய வகையைப் பற்றின தகவல் இது. பெண் விடுதலை, சாதி ஒழிப்பு என்று பேசுகிற நாம் அவளிடம் அடுத்த துண்டுப் பிரசுரத்தை நீட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பயமில்லாமல் மூடிவைத்துவிட்டுத் தூங்குவதற்கு ஒரு வீட்டில், ஒரு ஊரில் என்னென்ன மாற வேண்டும்?