பிறந்த குழந்தையை எங்கே உறங்க வைப்பது?

சில மாதங்களுக்கு முன் ஃபஜ்ர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளைஞர் ஓரமாகக் காத்து நின்றார். பிள்ளை பிறந்து பத்து நாள். “ஹஜ்ரத், உம்மா தூளி கட்டச் சொல்றாங்க, டாக்டரம்மா வேணாங்கறாங்க. மார்க்கத்துல இதுக்கு என்ன சொல்லியிருக்கு?” என்று கேட்டார். மார்க்கத் தீர்ப்பைவிட, வீட்டில் இருவருக்கு நடுவே மாட்டிக்கொண்ட தவிப்புதான் அவர் முகத்தில் தெரிந்தது. அன்று அவரிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எழுதத் தூண்டிய இன்னொரு காரணமும் உண்டு. இரவு நன்றாகப் பால் குடித்துத் தூங்கி, காலையில் அசைவில்லாமல் கிடந்த ஒரு குழந்தைக்கு ஜனாஸா தொழுகை நடத்தியிருக்கிறேன். இத்தகைய மரணங்கள் பலவற்றுக்குக் காரணம் கடைசிவரை தெரிவதில்லை. பெற்றவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஆபத்தைக் குறைக்கும் வழிகள் தெரிந்த பிறகும் பேசாமலிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தொட்டிலுக்குக் குர்ஆன் பயன்படுத்தும் சொல் ‘மஹ்த்’. ஈஸா (அலை) அவர்கள் தொட்டிலில் இருந்தபடி பேசியதைச் சொல்லும் இடங்களில் இச்சொல் வருகிறது. விரித்தல், சமப்படுத்துதல் என்பது இதன் வேர்ப்பொருள். பூமியை விரிப்பாக ஆக்கியதைக் கூறும் 78-ஆம் அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தில் உள்ள ‘மிஹாத்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இதை மருத்துவ ஆதாரமாக நான் காட்டவில்லை. ஆனால் இன்றைய குழந்தை மருத்துவர்கள் கேட்பதும் அதுவே: சமமான, உறுதியான, குழிவிழாத ஒரு விரிப்பு.

அவர்கள் சொல்வதன் சாரம் இது. குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், பகல் தூக்கமானாலும் சரி. அதற்கென்று தனி விரிப்பு வேண்டும். அது தாய் படுக்கும் அறையிலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். குறைந்தது 6 மாதம் இப்படி. உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பாலானவை முதல் 6 மாதங்களுக்குள்தான் நிகழ்கின்றன. 2 முதல் 4 மாதம் வரை ஆபத்து அதிகம்.

“மல்லாக்கப் போட்டால் கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதா?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் கீழேயுள்ள உணவுக்குழாய்க்கே திரும்பும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும். மல்லாக்கப் படுக்க வைக்கும்படி அமெரிக்காவில் 1994-இல் பெரிய பிரச்சாரம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் அங்கே இத்தகைய மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் வேண்டாம். அப்படியே உருண்டு குப்புறக் கவிழ்ந்துவிடும்.

இனி தூளிக்கு வருவோம். ஏணை என்றும் தொட்டில் என்றும் சொல்லும் ஊர்கள் உண்டு. சேலைத் துணியின் மணமும் ஆட்டமும் பிள்ளையை உடனே அமைதிப்படுத்தும் என்பதை மறுக்க முடியாது. நாமெல்லாம் அதில் வளர்ந்தவர்கள்தாம். ஆனால் சேலை குழிந்து தொங்குவதால் உள்ளே கிடக்கும் குழந்தையின் முதுகு வளைகிறது, தாடை நெஞ்சில் அழுந்துகிறது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தாடை அழுந்தினால் மூச்சுப்பாதை குறுகும், தலையைத் தூக்கி அதைச் சரிசெய்துகொள்ளவும் அதற்குத் தெரியாது. துணி இருபுறமும் மூடிக்கொள்வதால் முகமும் வெளியே தெரிவதில்லை. ஆகவே அழுகையை அடக்க, யாராவது விழித்து அருகில் இருக்கும்போது, குறுக்குக் கட்டை வைத்துத் துணியை அகட்டி, சிறிது நேரம் ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். கண் அயர்ந்ததும் எடுத்துச் சமமான விரிப்பில் கிடத்திவிட வேண்டும். இரவு முழுவதும் தூளியில் விடக் கூடாது. பயன்படுத்தாத நேரத்தில் சேலையை மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள். மூத்த பிள்ளைகள் அதில் ஏறிச் சுற்றி விளையாடி, கழுத்து முறுக்கிக்கொண்டு இறந்த செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

தனி விரிப்பு என்றதும் கடையில் விற்கும் விலையுயர்ந்த கட்டில் என்று நினைக்க வேண்டாம். தரையில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பங்களுக்கு ஒரு விதத்தில் வசதி அதிகம், குழந்தை விழ உயரமே இல்லை. தாயின் பாய்க்குப் பக்கத்தில் ஒரு சிறு கோரைப்பாய், அதன் மேல் இறுக்கமாக மடித்த பருத்திப் போர்வை, அதன் மேல் சுருக்கமில்லாமல் ஒரு பழைய வேட்டித் துணி போதும். எறும்பு வராமல் அந்த இடத்தைத் துடைத்து வையுங்கள். கொசுவுக்குக் குடைபோல் விரியும் வலை நல்லது. வலை முகத்தைத் தொடாதிருக்கட்டும். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளும், தலைக்குக் குளிப்பாட்டியதும் போடும் சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன நெஞ்சுக்கு ஆகாது. வீட்டில் யாரேனும் பீடி, சிகரெட் பிடித்தால் அதைவிட மோசம்.

சிசேரியன் ஆன தாய்க்குக் குனிந்து தரையிலிருந்து எடுப்பது கடினம். அவருக்குக் கட்டிலின் உயரத்துக்கே ஒட்டி நிற்கும் குழந்தைக் கட்டில் ஏற்றது. கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, மெத்தைக்கும் ஓரத்துக்கும் நடுவே சந்து இருக்கக் கூடாது. ஒரே படுக்கையில் சேர்த்துப் படுக்க வைப்பதைத் தவிர்ப்பதே நல்லது. 37 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,500 கிராமுக்குக் குறைவான எடையுள்ள குழந்தையானால் கண்டிப்பாகத் தவிருங்கள். தாய் தூக்க மருந்து எடுத்திருந்தாலும் அப்படியே. சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடி உறங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

குழந்தையின் விரிப்பில் குழந்தையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வர வைக்கும் கடுகுத் தலையணை, அணைப்புத் தலையணை, கனத்த போர்வை, பொம்மை எல்லாம் வெளியே. தலை தட்டையாகும் என்ற கவலைக்கு வேறு வழி உண்டு: விழித்திருக்கும்போது, பக்கத்தில் நீங்கள் இருக்க, சற்று நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். கழுத்தில் கட்டும் தாயத்துக் கயிறு தூக்கத்தில் இறுக்கிவிடும். தலைமாட்டில் இரும்பு வைக்கும் பழக்கத்துக்கு மார்க்கத்தில் எந்த அடிப்படையும் இல்லை. ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் ஓதிப் பாதுகாப்புத் தேடினார்கள், நாமும் ஓதுவோம். அதே நபியவர்கள்தாம், உறங்கும் முன் விளக்கை அணையுங்கள், எலி திரியை இழுத்து வீட்டாரை எரித்துவிடும் என்று காரணத்தோடு எச்சரித்தார்கள். ஓதுவதோடு படுக்கையையும் சரிபார்ப்பது அவர்கள் காட்டிய முறைதான்.

நாற்பது நாள் கழிந்து தாய் வீட்டிலிருந்து கணவர் வீட்டுக்குப் போகும்போதுதான் பெரும்பாலும் எல்லாம் மாறிவிடுகிறது. அங்கே ஏற்கனவே தூளி கட்டித் தயாராக இருக்கும், ஆசையாகத் தைத்த தலையணையும் காத்திருக்கும். ஆகவே குழந்தையின் விரிப்பையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள பெரியவர்களிடம் விஷயத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டியது மருமகள் அல்ல, மகன். அந்த இளைஞரிடமும் இதைத்தான் சொன்னேன்: “உங்க உம்மாகிட்ட நீங்களே உட்கார்ந்து பேசுங்க தம்பி. பகல்ல அவங்க மடியில பிள்ளையைக் கொடுத்து ஆட்டச் சொல்லுங்க. ராத்திரிக்கு மட்டும் பாய்.”