நகரமைப்புப் பயிற்சிக்கூடம்

நகரமைப்பு, வட்டாரத் திட்டமிடல் படிப்புகளில் உண்மையான ஓர் ஊரையோ பகுதியையோ எடுத்துக்கொண்டு, மாணவர்கள் குழுவாகச் சென்று அளந்து, விசாரித்து, வரைந்து, அதற்கொரு திட்டம் தீட்டிப் பழகும் பாடமுறை. வகுப்புகளில் இதை ‘ஸ்டுடியோ’ என்றே சொல்வர். முடிந்த வரைபடங்களைச் சுவரில் மாட்டி நடுவர்களுக்கு விளக்கும் அமர்வு ‘ஜூரி’ எனப்படும்.

இதன் வேர் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கட்டடக்கலை வழி வந்தவர்கள் பாரிஸ் நுண்கலைப் பள்ளியைச் சார்ந்த பட்டறைகளைக் காட்டுவர். அங்கே மூத்த மாணவர் கையைப் பார்த்து இளையவர் கற்றனர். கெடு நாளில் வரைபடங்களை வாரிச் செல்ல ஒரு வண்டி வரும். அதில் தொற்றிக்கொண்டு போகிற போக்கில் கடைசிக் கோட்டை இழுத்தவர்களும் உண்டு என்பது வழிவழிக் கதை. கதை எப்படியோ, அந்த வண்டியின் பெயரான ‘ஷாரெட்’, ஊர் மக்களோடு உட்கார்ந்து சில நாள்களில் திட்டம் வரையும் முறைக்கு இன்று பெயராக நிலைத்துவிட்டது.

வேறு சிலர் ஸ்காட்லாந்தின் பாட்ரிக் கெடிஸை (1854–1932) முதல்வராகக் கொள்வர். தாவரவியல் பேராசிரியரான இவர், எடின்பரோவில் 1892இல் ஏற்ற நோக்குக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஊரைக் காட்டிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். ஆய்வு முன்னே, திட்டம் பின்னே என்பது அவர் கொள்கை. ஆனால் நகரமைப்புக்கென்று பல்கலைக்கழகத் துறை முதலில் அமைந்தது 1909இல், லிவர்பூலில். சோப்பு வணிகர் வில்லியம் லீவர் பத்திரிகைகள் மீது அவதூறு வழக்காடி வென்ற இழப்பீட்டுப் பணம் அதற்கு உதவியது.

சென்னை மாகாணம் இவ்வரலாற்றில் நுழைவது 1914இல். ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு கெடிஸை அவரது நகரக் கண்காட்சியுடன் அழைத்தார். செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அடுத்த மாதம் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலையும் மூழ்கடித்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்த வரைபடங்களும் படங்களும் அதனுடன் கடலுக்குள் போயின. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசரமாக மாற்றுத் தொகுப்பொன்றைத் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தேறியது.

அதன்பின் கெடிஸ் தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட ஊர்களைக் கால்நடையாகச் சுற்றினார். சந்துகளை அகலமான நேர்ச்சாலைகளாக வெட்டுவதே அக்காலப் பொறியாளர் வழக்கம். இவரோ ஒவ்வொரு சந்திலும் நடந்து, இடிந்த வீடு எது, காலிமனை எது, மரம் எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டார். பாழடைந்த ஓரிரு வீடுகளை மட்டும் நீக்கி, கிடைத்த இடத்தைச் சிறு திறந்தவெளியாக்கினால் தெரு மூச்சுவிடும்; குடியிருப்போரும் இடம்பெயர வேண்டாம். பேணும் அறுவை என்று பொருள்படும் பெயரை அவர் இதற்கு வைத்தார். கோயிலையும் தேரோடும் வீதிகளையும் தென்னிந்திய நகரமைப்பின் நல்ல மரபாகப் போற்றினார். இந்திய ஊர்களுக்கு அவர் எழுதிய அறிக்கைகள் எத்தனை என்பதில் நூலுக்கு நூல் கணக்கு வேறுபடுகிறது; ஐம்பதை ஒட்டிக் கொள்வது வழக்கம். இந்தூரில் தீபாவளி ஊர்வலம் நடத்தி, ஊர்வலப் பாதையாகும் பெருமைக்காகத் தெருக்களைப் போட்டிபோட்டுப் பெருக்க வைத்தார் என்ற செய்தி பெரும்பாலும் அவரைச் சார்ந்தவர்கள் வழியே வருவது. 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். உடன் உழைத்த லாஞ்செஸ்டர் எழுதிய சென்னை நகரமைப்பு நூல் 1918இல் வெளிவந்தது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது நகரமைப்பாளர் ஜாக்குலின் டிர்விட் படைவீரர்களுக்கு அஞ்சல்வழியே திட்டமிடலைக் கற்பித்தார். கெடிஸின் இந்திய அறிக்கைகளைத் தொகுத்து 1947இல் நூலாக்கியவரும் அவரே. அமெரிக்காவிலோ, சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1947 முதல் 1956 வரை நடந்த திட்டமிடல் படிப்பு வரைபலகையைவிடச் சமூக அறிவியலுக்கே இடம் கொடுத்தது.

இந்தியாவில் நகரமைப்பாளர் கழகம் 1951இல் உருவானது. டெல்லியில் 1955இல் தொடங்கிய நகர, ஊரகத் திட்டமிடல் பள்ளி, 1959இல் டெல்லி பாலிடெக்னிக்கின் கட்டடக்கலைத் துறையுடன் இணைந்தது. அகமதாபாதில் 1972இல் திட்டமிடல் பள்ளி அமைந்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி இப்பாடத்தை நடத்துகிறது.

நிலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பே பெரும்பாலும் முதல் பயிற்சி. அடிப்படை வரைபடத்துடன் தெருத்தெருவாகச் சென்று மனைமனையாகக் குறித்து வந்து வண்ணம் தீட்டுவர். இந்திய வழக்கில் குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தொழிற்சாலை ஊதா, பொதுக் கட்டடங்கள் சிவப்பு, பூங்கா பச்சை. அமெரிக்க வழக்கிலோ வணிகமே சிவப்பு. அயல்நாட்டு நூலைப் பார்த்துப் படித்தவர் முதலில் தடுமாறுவார். கீழே மளிகைக்கடை, மேலே குடித்தனம், திண்ணையில் தையல் இயந்திரம் என்றிருக்கும் வீட்டுக்கு எந்த வண்ணம் என்பது மாணவர்களின் பழைய வழக்கு. கலப்புப் பயன்பாடு என்று தனிக்குறி இட்டு முடிப்பதுண்டு.

அண்மைக்காலத்தில் செயற்கைக்கோள் படங்களும் புவியியல் தகவல் மென்பொருள்களும் வரைதாளின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் தெரிவது கூரை மட்டுமே. அந்தத் தையல் இயந்திரத்தைக் குறிக்க இன்றும் ஒருவர் தெருவுக்குப் போயாக வேண்டும்.