டயலை மாத்தலாமா?

எங்க மேனேஜர் கையில ஒரு பழைய ரோலக்ஸ் இருக்கு. அவரோட அப்பா 1970-களில் குவைத்தில் வேலை பார்த்தப்போ வாங்கினதாம். டயல்ல இருக்கிற புள்ளியெல்லாம் டீ கலருக்கு வந்தாச்சு, இருட்டில் மின்னுறதும் இல்ல. "கம்பெனி சர்வீசுக்கு அனுப்பப் போறேன்ப்பா, புது டயலே போட்டுத் தருவாங்களாம்"னு போன வாரம் சொன்னார். எனக்குப் பகீர்னுது. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

கம்பெனிக்காரங்க டயலை மாத்துறதுக்கு நியாயமான காரணம் ஒண்ணு இருந்தது. அந்தக் காலத்தில் இருட்டில் மின்ன ரேடியம் கலந்த பூச்சுதான். அமெரிக்காவில், நியூஜெர்சியின் ஆரஞ்ச் நகரில், அதை டயலில் பூசின பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். தாடை எலும்பு அரித்து, பலர் செத்தே போனார்கள். ஐந்து பேர் போட்ட வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். பூச்சு மின்னுறது நின்னாலும் கதிர்வீச்சு நிற்காது. அந்த மாதிரி டயலைக் கழற்றி வைப்பதை யாரும் தப்பு சொல்ல முடியாது.

1960-களின் தொடக்கத்தில் ரோலக்ஸ் ட்ரிட்டியத்துக்கு மாறியது. டயலின் அடியில் 'ஸ்விஸ் டி<25' மாதிரி குட்டியா அச்சடித்திருக்கும். அந்த 'டி' ட்ரிட்டியம்தான். இதோட அரை ஆயுள் 12.3 வருஷம். கணக்குப் போட்டா, ஐம்பது வருஷத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதன் கதிர் ரொம்ப பலவீனம், வாட்ச் கண்ணாடியையே தாண்டாது. ஆக, மேனேஜர் வாட்ச்ல பயப்பட ஒண்ணும் இல்ல. வெளிச்சம் போச்சு, அவ்வளவுதான்.

1993-இல் ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி கதிரியக்கமே இல்லாத லூமினோவாவைக் கொண்டுவந்தது. 1990-களின் கடைசியில் ரோலக்ஸும் அதற்கு மாறியது. அதுக்கப்புறம் சர்வீசுக்கு வந்த பழைய வாட்ச்கள் பலவற்றுக்குப் புதுப்பூச்சு போட்ட டயல் ஏறியது. இதைத்தான் 'சர்வீஸ் டயல்'னு சொல்றாங்க. கம்பெனி தயாரிச்ச அசல்தான், டூப்ளிகேட் இல்ல. ஆனா 1970-இல் பிறந்த வாட்சுக்கு 2000-த்தின் முகம்! நம்ம பாஷையில சொன்னா, பேக்கப் எடுக்காம ஓவர்ரைட் :-)

முகத்துக்கு என்ன மதிப்புன்னு கேக்கறீங்களா? டேடோனா 6239 மாடலை எடுத்துக்குங்க. 1960-களில் அதில் ரெண்டு விதமான டயல் வந்தது. ஒண்ணு சாதாரணம். இன்னொண்ணு கட்டம் கட்டமா குறி வைத்த, கொஞ்சம் அலங்காரமான டயல். ரெண்டுக்கும் உள்ளே ஒரே மெஷின். அலங்கார டயலை அப்போ சீந்துவாரில்லை. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்தது அதைத்தான், மனைவி ஜோன் உட்வர்ட் வாங்கிக் கொடுத்தது. பின்பக்கம் 'பார்த்து ஓட்டு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தார். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் அது 1.77 கோடி டாலருக்குப் போனது. நடுவில் யாராவது "பழசாயிடுச்சு சார்"னு டயலை மாத்தியிருந்தா?

காசை விடுங்க. மேனேஜரோட அப்பா முப்பது வருஷம் மணி பார்த்தது அந்த முகத்தில்தான். அந்த டீ கலர் அவர்கூட இருந்து வந்த கலர். சில இடங்களில் கழற்றின டயல் திரும்பக் கையில வராமலும் போகும்.

எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் வாட்சையே பார்த்துட்டு இருந்தார். "அப்போ மெஷினை மட்டும் கழுவி எண்ணெய் போடச் சொல்லவா?"ன்னார். அதையே எழுத்தில் கொடுங்க, டயலையும் முள்ளையும் தொடக்கூடாதுன்னு தனியா குறிப்பிடுங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

உங்க வீட்டுப் பீரோவிலயும் தாத்தா வாட்ச் ஏதாவது தூங்குதா? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.