சாக்லெட் கட்டியில் ஒரு தோட்ட வரலாறு

தீபாவளி நெருங்கும் காலத்தில் ஈப்போவில் அணிச்சல் பொருள்கள் விற்கும் கடைகளில் சாக்லெட் கட்டிகள் அடுக்கடுக்காய் வீற்றிருக்கும். நிறமும் வடிவமும் ஏறக்குறைய ஒன்றே. விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! எதனை வாங்குவது என்ற கேள்விக்கு விடை உறையின் பின்புறத்தில் சிற்றெழுத்தில் இருக்கின்றது. ஒன்றில் 'கொக்கோ வெண்ணெய்' என்றிருக்கும். மற்றதில் 'தாவரக் கொழுப்பு' என்றிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் நமது பேராக் மாநிலத் தோட்டப்புற வரலாறே அடங்கியுள்ளது என்றால் அன்பர்கள் வியக்கக்கூடும்.

தெலுக் இந்தானுக்கு அருகிலுள்ள ஜெண்டராட்டா தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ். இரப்பருக்காகத் தொடங்கிய தோட்டம் அது. பின்னர் இக்கடலோர மண்ணில் தென்னை செழித்தது. தென்னையின் நிழலில் கொக்கோ ஊடுபயிராயிற்று. பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் வட்டாரங்களில் தோட்டங்களிலும் சிறு நிலங்களிலும் இதே காட்சிதான். காய் பறிப்பது, உடைப்பது, சதையோடு கொட்டைகளைப் பெட்டியிலிட்டுச் சில நாள்கள் புளிக்க வைப்பது, உலர்த்துவது என அத்தனையும் கைவேலை. அக்கைகளில் நம்மவர் கைகளும் பல.

நம் நாட்டுக் கொட்டைக்கு உலகச் சந்தையில் ஒரு குறை சொல்லப்பட்டது. புளிப்பு மிகுதி, சாக்லெட் மணம் குறைவு என்றனர். ஆழமான பெட்டிகளில் பெருமளவாகப் புளிக்க வைத்து, இயந்திரச் சூட்டில் விரைந்து உலர்த்தியதால் காடி உள்ளேயே தங்கிவிட்டது. ஆயினும் இதன் கொக்கோ வெண்ணெய் கெட்டியானது. வெப்ப நாட்டில் எளிதில் இளகாது என்பதால் அதற்குத் தனி மதிப்பிருந்தது. குறையை மட்டும் பேசி நிறையை மறப்பது முறையன்று!

1989இல் மலேசியக் கொக்கோ வாரியம் அமைந்தது. அப்போது நாட்டில் நான்கு இலட்சம் எக்டருக்கு மேல் கொக்கோ இருந்தது. 1990இல் விளைச்சல் ஏறத்தாழ 2,47,000 டன். அதுவே உச்சம். 1980இல் சபாவில் காணப்பட்ட காய்த்துளைப்பான் புழு பின்னர் தீபகற்பத்திற்கும் வந்தது. காய்க்குள் புகுந்து கொட்டைகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும் புழு அது. விலையும் வீழ்ந்தது, ஆள் பற்றாக்குறையும் சேர்ந்தது. குறைந்த ஆள்களைக் கொண்டு நடத்தத்தக்க செம்பனை அந்நிலங்களைப் பிடித்துக்கொண்டது. அண்மைய ஆண்டுகளில் நாட்டின் கொக்கோ விளைச்சல் ஆயிரம் டன்னையும் எட்டுவதில்லை. ஆயினும் வெளிநாட்டுக் கொட்டைகளை இறக்குமதி செய்து அரைக்கும் பெருநாடுகளுள் மலேசியா இன்றும் ஒன்று.

நிலத்தில் நடந்தது கட்டியிலும் நடந்தது. அதே ஜெண்டராட்டாவில் 1974இல் எழுந்த யுனிடாட்டா ஆலை செம்பனை எண்ணெயைச் சுத்திகரிப்பதோடு, கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றான கொழுப்புகளையும் செய்கின்றது. செம்பனைப் பருப்புக் கொழுப்புடன் கொக்கோத்தூளும் சீனியும் சேர்ந்ததே கடையில் மலிவாய்க் கிடைக்கும் 'காம்பவுண்ட்' சாக்லெட். அனைத்துலக உணவுத் தரவிதியின்படி, சாக்லெட் எனப்படுவதில் 35 விழுக்காடு கொக்கோப் பொருளும், அதனுள் 18 விழுக்காடு கொக்கோ வெண்ணெயும் இருத்தல் வேண்டும். 2024 டிசம்பரில் கொக்கோ விலை டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, மாற்றுக் கொழுப்பின் ஈர்ப்பு மேலும் கூடியது.

மாற்றுக் கொழுப்பை இழிவாகக் கருத வேண்டியதில்லை. பிஸ்கட்டை முக்கி எடுக்கவும் அணிச்சலின்மேல் பூவேலை செய்யவும் அதுவே ஏற்றது. உருக்கி ஊற்றினால் தானே இறுகும். கொக்கோ வெண்ணெய் கொண்டதையோ உருக்கி, ஆற்றி, மீண்டும் 31, 32 பாகை செல்சியசுக்குக் கொணர்ந்தால்தான் பளபளப்பு வரும். நம் ஊர் வெக்கையில் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் பாலேட்டுடன் கலந்து செய்யும் கனாஷ், மூஸ் போன்றவற்றில் சாக்லெட்டின் சுவையே உயிர் என்பதால், அங்கே மலிவானது தன் குணத்தைக் காட்டிவிடும். வாயில் மெழுகுபோல் ஒட்டும். செலவைக் குறைக்க இரண்டையும் பாதிப்பாதி உருக்கிக் கலப்போரும் உளர். அக்கொழுப்புகள் ஒன்றோடொன்று இணங்குவதில்லை. கலவை சரியாக இறுகாது. சில நாள்களில் மேலே வெண்மை படரும்.