சாயக்காரர் மகனிடம் கற்ற சித்திரம்

கலைத்திறன் பிறவியிலே வருவது என்று கூறுவோர், ஓவியனின் கையைப் பழக்கிய கூடம் எது, அதன் கதவு யார் யாருக்குத் திறந்திருந்தது என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. வரலாற்று மாணவராகிய நாம் அவற்றை எழுப்பியே ஆகவேண்டும்.

பாரிஸ் நகரத்து லூவர், பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனையாக இருந்தது. மன்னராட்சி வீழ்ந்த ஓராண்டு நிறைவில், 1793 ஓகஸ்ட் 10ஆம் நாள், அது மக்களின் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து பயில்வதற்கென ஓவியருக்குத் தனி நாட்களும் ஒதுக்கப்பட்டன. அரசரின் உடைமை பாடசாலையாயிற்று.

1850களில் அங்கு பயின்றவர்களுள் ஒருவர் எடுவார் மனே. நீதித்துறை உயரதிகாரி ஒருவரின் மைந்தர். வெனிஸ் நகர ஓவியர் தின்தொரெத்தோ, முதுமையில், 1588ஆம் ஆண்டளவில், தம்மைத் தாமே தீட்டிய தைலவண்ணச் சித்திரத்தை அவர் பிரதி செய்தார். தின்தொரெத்தோ என்பதற்குச் 'சிறிய சாயக்காரன்' என்பது பொருள். தந்தையார் துணிக்குச் சாயமிடுபவர். அதிகாரியின் மகன், இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த சாயக்காரர் மகனுக்கு மாணாக்கரானார் எனலாம்.

அச்சித்திரத்தைக் காண்போர் முதியவரின் சோர்ந்த விழிகளைக் கண்டு செல்வர். பிரதி செய்பவரோ, இருளிலிருந்து முகம் எவ்வாறு எழுகின்றது, நெற்றியின் ஒளி எங்கே நிழலாகின்றது, கரிய ஆடை கரிய பின்புலத்தினின்று எவ்வாறு பிரிகின்றது என்பவற்றுக்குத் தூரிகையாலேயே விடை காணவேண்டும். உருவச் சித்திரக் கல்வியின் சாரம் இதுவே. பின்னாளில், 1872இல், கறுப்பு உடையணிந்த பேர்த் மொரிசோவை மனே தீட்டிய சித்திரம் அவர் கருமையை ஆண்ட திறனுக்குச் சான்றாகும்.

மொரிசோவும் ஓவியரே. பாரிஸ் அரசாங்க நுண்கலைக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆயினும் லூவரில் பிரதி செய்யப் பெண்களுக்குத் தடை இருக்கவில்லை. 1858இல் மொரிசோ அங்கு பதிவு செய்துகொண்டார். கல்லூரி அடைத்த வழியை நூதனசாலை திறந்தது.

பிரதி செய்தல் சுயசிந்தனையைக் கொல்லும் என்போர் உளர். மனேயும் மொரிசோவும் பழமையைக் கையால் கற்றே புதுமைக்கு வந்தனர். போலி உருவாகாதிருக்க, மூலத்தினின்று அளவு வேறுபடவேண்டும் என்ற விதியோடு லூவர் இன்றும் பிரதி செய்ய அனுமதிக்கின்றது.

முன்னோர் செல்வத்தைப் போற்றுவோம் என முழங்குவது எளிது. அச்செல்வத்தின் முன் அமர்ந்து பயில ஏழை மாணவனுக்கும் மாணவிக்கும் இடமுண்டா என்பதைக் கொண்டே ஒரு சமுதாயத்தின் கலைப்பற்றை நாம் அளவிடுதல் வேண்டும்.