பிலிகுண்டுலு

தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லுக்கு மேலே, அஞ்செட்டி வனப்பகுதியை ஒட்டிக் காவிரிக் கரையில் உள்ள எல்லையோர இடம். இங்கே ஆறே எல்லை: ஒரு கரை தமிழ்நாடு, எதிர்க்கரை கர்நாடகம். வேலியோ எல்லைக்கல்லோ தேடி வருபவருக்குப் பாறைகளும் மருத மரங்களும் ஓடும் நீரும்தான் தென்படும்.

இவ்விடத்தின் புகழுக்குக் காரணம் மத்திய நீர்வள ஆணையத்தின் நீர் அளவீட்டு நிலையம். அளவுகோலில் நீர்மட்டத்தைக் குறித்து, ஓட்டமானியால் வேகத்தை அளந்து, ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்போடு பெருக்கி, வினாடிக்கு இத்தனை கன அடி என்று கணக்கிடுகிறார்கள். டெல்டா உழவர்கள் நாள்தோறும் செய்தியில் தேடும் எண் இதுதான். 2007-இல் காவிரி நடுவர் மன்றம் இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 192 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கிடைக்க வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 என மாதப் பங்கீடும் உண்டு. டெல்டாவின் குறுவை நெல் பருவத்துக்கு உயிர் கொடுப்பது இந்த இரு மாத நீரே. ஆகவே ஆண்டு மொத்தத்தைவிட மாதக் கணக்கே முக்கியம்.

சுற்றியுள்ள காடு 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தைச் சார்ந்தது. யானை, நீர்நாய், முதலை, நரைத்த மலையணில் ஆகியவை இங்கு வாழ்கின்றன. கரையோரம் நடக்க விரும்புவோர் வனத்துறையின் முன் அனுமதி பெற வேண்டும். யானைகள் தண்ணீருக்கு இறங்கும் மாலை வேளையைத் தவிர்ப்பது நல்லது.