உள்பொதி வன்பொருளில் சர்வர் மென்பொருளின் முறிவுச் சோதனை

சர்வர் மென்பொருளுக்குத் தாறுமாறான தரவுகளை ஊட்டி, அது எங்கே முறிகிறது என்று கண்டறிவது முறிவுச் சோதனை. துறையில் இதை ஃபஸ்ஸிங் என்பார்கள். மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் கூலாய், செடெனாக் வட்டாரங்களில் தரவு மையங்கள் பெருகியுள்ளதால், அங்கு இதற்கு நேரடித் தேவை உண்டு. இத்தகைய மையங்களில் ஓடும் சர்வர்களின் தாய்ப்பலகையில் பொதுவாக பிஎம்சி எனும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி பதிக்கப்பட்டிருக்கும். சர்வரை அணைத்தாலும் அது விழித்திருக்கும். தனக்கென ஒரு வலைச் சர்வரையும் ஓட்டும். அதைக் கைப்பற்றியவருக்கு முழு இயந்திரமும் வசமாகும்.

1988இல் ஓர் இடிமழை இரவில், வீட்டிலிருந்து தொலைபேசி வழியே விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணினியில் இணைந்திருந்த பார்ட்டன் மில்லர், கம்பியில் புகுந்த இரைச்சலால் யூனிக்ஸ் நிரல்கள் விழுவதைக் கண்டார். முறிவுச் சோதனை அங்கிருந்தே பிறந்தது. 1990இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், சோதித்த நிரல்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை முறிந்தன. ஆனால் சர்வர்களுக்கு வெறும் குப்பைத் தரவு போதாது. முதலில் உள்நுழைவு, பிறகு கட்டளை என்று முறையாகப் பேசினால்தான் அவை செவிகொடுக்கும். 2020இல் வந்த ஏஎஃப்எல்நெட் எனும் சோதனைக் கருவி, சர்வரின் பதில் குறிகளிலிருந்தே இந்த வரிசையைக் கற்றுக்கொள்கிறது. அதை உருவாக்கிய மூவரில் ஒருவர் ஜோகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அபிக் ராய்சௌத்ரி.

பிஎம்சி போன்ற உள்பொதி வன்பொருளில் பெரிய சிக்கல், முறிவைக் கண்ணால் காண்பதுதான். மேசைக் கணினியில் ஒரு நிரல் எல்லை மீறி நினைவகத்தைத் தொட்டால் இயங்குதளம் பெரும்பாலும் அதை நிறுத்திவிடும். நினைவகக் காப்பில்லாத சில்லிலோ நிரல் சிதைந்த நினைவகத்தோடே ஓடும். வெகுநேரம் கழித்து வேறோரிடத்தில் விழும், அல்லது விழாமலே தவறான விடை தரும். மாரியஸ் முயென்ச் குழுவினர் 2018இல் இதைச் சோதனைகளால் நிறுவினர். லினக்ஸ் ஓடும் பிஎம்சியில் நிலைமை மேல்தான். ஆனால் விழுந்த நிரல் தானாகவே மறுபடி தொடங்கிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. பதில் வருவதை மட்டும் வைத்துச் சாதனம் நலம் என்று முடிவுகட்டுவது பெரும் ஆபத்து.

ஆகவே சோதனையாளர் சீரியல் முனையில் கர்னல் பதிவுகளைக் கவனிப்பார். உறைந்துபோன பலகையை ரிலே வழியே மின்சாரம் துண்டித்து எழுப்புவார். ஓப்பன்பிஎம்சி போன்ற திறமூல மென்பொருளை கியூஈமு எமுலேட்டரில் ஓட்டலாம். வலைச் சர்வர் பகுதியை மட்டும், நினைவகப் பிழைகளைக் காட்டும் அட்ரஸ் சானிடைசருடன் மேசைக் கணினிக்குத் தொகுத்தால், எல்லை மீறும் வரியிலேயே பிழை பிடிபடும். ஆனால் உணரிகளின் கோளாறும் நேரத் தவறும் எமுலேட்டரில் அப்படியே வருவதில்லை. அதனால் அசல் பலகையில் சோதிப்பதைத் தவிர்க்கலாகாது.

முறிவைத் தேடினால் மட்டும் போதாது. 2025 மார்ச்சில் வெளியான, ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாராக் பிஎம்சி மென்பொருளின் குறைபாடு தீவிர அளவில் 10க்கு 10 பெற்றது. அது உள்நுழைவுச் சரிபார்ப்பையே தாண்டவிடும் பிழை. அதில் எதுவும் முறிவதில்லை என்பதால், முறிவை மட்டும் தேடும் கருவிக்கு அது புலப்படாது. யாருக்கு அனுமதி கிடைக்கிறது என்பதைத் தனியே சோதிக்க வேண்டும்.